தாய் சொன்ன விலை



1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆந் திகதி. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத் துறைமுகத்தை அடுத்த ஒரு சிறு வீட்டிலே, வட இங்கிலாந்திலிருந்து வந்த கனவான்கள் சிலர் மேசையொன்றின்மேல் ஐந்து பவுண் தாள்களை எண்ணி அடுக்கினர். அக்காலத்து ஐந்து பவுண் தாள் வெண்ணிறமானது. இக்காலத் தாள்களிலும் பார்க்க மிகப் பெரியது. அத்தகைய தாள்களில் 1,500 பவுண் ஒரு மேசையை நிறைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. அந்த வீட்டில் அவ்வளவு பணம் அதற்கு முன் ஒருநாளும் ஒருங்கு சேர்ந்திருக்கமாட்டாது. வீட்டுக்காரி நெல்லி பொஸ்டன் என்னும் பெண்மணி; 11 பிள்ளைகளைப் பெற்ற தாய். அப்பிள்ளைகளுள் ஒருவனாகிய பில்லி, 18 வயதினன், அரசாங்கத்தின் கட்டாய இராணுவ சேவையில் இருந்தவன். வந்த கனவான்கள் விகன் நகர றக்பி லீக் கழகத்தின் நிருவாகிகள். பில்லியைத் தம் கழகத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு போவதற்காகவே அவர்கள் வந்திருந்தனர்.

பில்லிக்குப் போக விருப்பமில்லை. தாய்க்கும் மகனை அனுப்ப மனமில்லை. ஆயினும் வீடு தேடி வந்தவர்களை முகத்துக்கு நேரே 'போங்கள்' என்று சொல்லவும் இயலவில்லை. ஆகவே 3,000 பவுண் கேள் என்று அத்தாய் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கொடுக்க மனமில்லாத பொருளுக்கு இரட்டிப்பு விலை சொல்லுவது நமது சந்தைகளிலும் உள்ள வழக்கந்தானே. கேட்டவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவான். இருவருக்கும் மனவருத்தம் இராது. ஆனால் அன்று வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போகவில்லை. சரி என்றனர். சொன்ன சொல்லை மீளப்பெறும் வழியின்றிப் பில்லி கையொப்பமிட்டான். அந்தக் காலத்திலே இங்கிலாந்தில் உடலுழைப்பால் வாழ்ந்த ஒரு தொழிலாளிக்கு 3,000 பவுண் என்பது ஐந்தாறு ஆண்டுச் சம்பளம்.

இவ்வளவு பெருந்தொகை கிடைக்கும்போது ஓர் இளைஞன் ஏன் தயங்கவேண்டும் என நேயர்கள் வினவலாம். அதனை அறிவதற்கு இங்கிலாந்தில் றக்பி விளையாட்டு இரண்டாகப் பிரிந்த கதையை அறிதல் வேண்டும்.

நம் நாட்டிலே கண்டியிலும் கொழும்பிலும் ஆடப்பட்டுவரும் றக்பி, அணிக்கு 15 பேர் ஆடும் றக்பி யூனியன் எனப்படுவதாகும். ஆதியில் இஃதொன்றே றக்பி. செல்வர்வீட்டுப் பிள்ளைகள் கல்விபயின்ற கலாசாலைகளில் தோன்றிய இவ்விளையாட்டு, வட இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளுக்குப் பரவியபோது, நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலைசெய்தவர்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலைநாளே. ஆட்டத்துக்குப் போனால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். இழந்த கூலியையாவது ஈடுசெய்யவேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. பணம் பெற்று ஆடுவது விளையாட்டுக்கே இழுக்கு என்று தென்பகுதிப் பெரியோர் மறுத்தனர். கூலியில் தங்கியிராதவர்களுக்குக் கூலி இழப்பின் வேதனை விளங்குவதில்லை. 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹொட்டேலில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனியே பிரிந்தன. நாளடைவில் அவை ஆட்ட விதிகளையும் மாற்றிக்கொண்டன. 1906இல் அணிக்கு 13 பேர் என்று வகுத்தன. அதுவே பின்னர் றக்பி லீக் எனப் பெயர் பெற்றது.

பிரிந்த சகோதரர் இருவரும் ஒரு நூற்றாண்டுக் காலம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை எனலாம். லீக் கழகமொன்றில் கையொப்பமிட்டவன் யூனியன் ஆட்டத்திலிருந்து ஆயுள் முழுவதும் விலக்கப்பட்டான். பணம் வாங்கியவன் மீண்டும் தன் ஊர்க் கழகத்துக்காக ஆட இயலாது. தென் வேல்ஸ் மக்களோ றக்பி யூனியனைத் தம் உயிரினும் மேலாகப் போற்றியவர்கள். அங்கே ஓர் இளைஞன் வடக்கே போய்விட்டான் என்றால், ஊராருக்கு அஃது ஒருவகைச் சாவுச் செய்தியாகவே இருந்தது. செந்நிற வேல்ஸ் சட்டையை அணிந்து கார்டிஃப் மைதானத்தில் ஓடும் கனவு, அந்தக் கையொப்பத்தோடு முடிந்துவிடும்.

பில்லி பொஸ்டன் கண்ட கனவும் அதுவே.

அவர் 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி கார்டிஃபின் பியூட்டவுண் பகுதியிலே பிறந்தார். 'டைகர் பே', அதாவது புலிக்குடா என்று உலகமெங்கும் மாலுமிகளால் அறியப்பட்ட இடம் அது. தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரி அத்துறைமுகத்திலிருந்தே உலகின் நாற்றிசைக்கும் கப்பலேறியது. கப்பல்கள் நிலக்கரியைக் கொண்டுபோயின, மனிதரைக் கொண்டுவந்தன. யேமன் நாட்டார், சோமாலியர், மேற்கு ஆபிரிக்கர், மேற்கிந்தியத் தீவினர், நோர்வேக்காரர் எனப் பல இனத்தவர் ஒரே தெருவில் குடியிருந்தனர். பில்லியின் தந்தை சியாரா லியோன் நாட்டிலிருந்து வந்த கப்பற்றொழிலாளி. தாய் ஐரிஷ் வழிவந்தவர். அச்சிறு பகுதியிலிருந்து புகழ்பெற்றவர் தொகை வியப்புக்குரியது. 1956இல் பிரித்தானியாவின் அதிபார குத்துச்சண்டை வீரராகிய ஜோ எர்ஸ்கின், பாடகி ஷேர்லி பாஸி ஆகியோர் அவ்விடத்தவரே. லீக் ஆட்டத்தில் ஒரு தலைமுறைக்கு முன்னர் பெரும்புகழ் ஈட்டிய கஸ் றிஸ்மன் என்பாரும் அங்கே வளர்ந்தவரே.

ஆனால் நகரத்தின் ஏனைய பகுதியினர் டைகர் பேயை நோக்கிய பார்வை வேறு. 1919இல் அங்கு வெள்ளையரல்லாதாருக்கு எதிராகக் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. அதன்பின் கலவரம் ஓய்ந்ததெனினும், பாலத்துக்கு அப்பால் ஓர் உலகம், இப்பால் ஓர் உலகம் என்ற நிலை மாறவில்லை. பில்லி தன் பகுதியிலிருந்த கார்டிஃப் இன்டர்நாஷனல் கழகத்தில் ஆடினான். அதன் பெயரே அதன் உறுப்பினர் யாவர் என்பதைக் கூறும். இளைஞர் கழகங்களின் வேல்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினான். நீத் கழகத்துக்காகவும் பொன்டிப்ரித் கழகத்துக்காகவும் ஆடினான். கார்டிஃப் கழகம் அவன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. அக்கழகம் அழைக்கும் என்று காத்திருந்தான். அழைப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை? திறமை போதாதென்று யாரும் சொல்லத் துணியார். வேல்ஸின் தேசிய யூனியன் அணியில் கருநிற வீரர் ஒருவர் இடம்பெறுவதற்கு 1980களில்தான் காலம் கனிந்தது என்பதை மட்டும் இங்கே நினைவுகொள்வோம். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு டைகர் பே இளைஞன் என்ன எதிர்பார்த்திருக்க முடியும்? பொஸ்டனைப் போலவே கார்டிஃபின் கருநிற இளைஞர் பலர் அடுத்தடுத்து வடக்கே சென்றனர். பணம் அவர்களை இழுத்தது என்று சொல்வதுண்டு. வாயில் அடைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லுதலே நேர்மை.

இராணுவ சேவையில் இருந்தபோது அவர் கட்டரிக் முகாமிலே தந்திச் சேவைப் படையினருக்காக ஆடினார். இராணுவக் கிண்ண இறுதி ஆட்டத்திலே வெல்ஷ் கார்ட்ஸ் படைப்பிரிவுக்கு எதிராக 6 ட்ரைகள் வைத்தார். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைப்பதே ட்ரை எனப்படும். றக்பியின் உயிர்நாடி அதுவே. படையில் அவர் ஆடிய ஆட்டத்தைக் கேள்வியுற்றே வடபகுதிக் கழகங்களின் கண் அவர்மீது விழுந்தது. விகன் முந்திக்கொண்டது. கையொப்பமிட்ட செய்தி சிறிது காலம் மறைத்து வைக்கப்பட்டது.

விகன் நகரத்தை இலக்கியம் பயின்றோர் ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியிட்ட நூலின் பெயரால் அறிவர். சுரங்கமும் பஞ்சாலையும் சூழ்ந்த ஊர். மழையும் புகையும் கலந்த வானம். அங்கே சனிக்கிழமை பிற்பகலில் சென்ட்ரல் பார்க் மைதானத்துக்குப் போகாதவன் நோயாளியாகவேனும் வெளியூரானாகவேனும் இருத்தல் வேண்டும். புதிதாக வாங்கிய பையனைப் பார்ப்பதற்காக, 1953 ஒக்டோபரில் நடந்த ஓர் இரண்டாந்தர அணி ஆட்டத்துக்கே 8,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். அடுத்த மாதம் பாரோ அணிக்கு எதிராக முதல்தர அணியில் இறங்கிய அன்றே ஒரு ட்ரை வைத்தார். தங்கள் 3,000 பவுண் வீணாகவில்லை என்று நிருவாகிகள் அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பர்.

அதன்பின் நடந்ததுதான் வியப்பு. முதல்தர அணியில் ஆறே ஆட்டங்கள் ஆடிய நிலையில், 1954இல் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்ற பிரித்தானிய அணிக்கு அவர் தெரிவு செய்யப்பட்டார். வயது 19. அவ்வணியோடு கடல்கடந்து சென்ற முதற் கருநிற வீரர் அவரே.

இதன் பெறுமதியை உணர்வதற்கு ரோய் பிரான்சிஸ் என்பவரை அறியவேண்டும். இவரும் வேல்ஸ் நாட்டுக் கருநிற வீரர். இவரும் விகன் கழகத்திலேயே தொழிலைத் தொடங்கியவர். 1946ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கு இவரை விட யோக்கியர் இல்லை எனப் பலர் கருதிய காலத்தில், இவர் பெயர் பட்டியலில் இல்லாது போயிற்று. வெள்ளையரல்லாதோரை நாட்டினுள் விட விரும்பாத அவுஸ்திரேலியக் கொள்கைக்கு அஞ்சியே அவரை விட்டனர் என்பது பரவலான கருத்து. மறு ஆண்டு அவர் நியூசிலாந்துக்கு எதிராகப் பிரித்தானியாவுக்கு ஆடினார். ஆனால் அது சொந்த மண்ணில் நடந்த ஆட்டம். பிரான்சிஸ் பின்னாளில் ஹல், லீட்ஸ் கழகங்களின் பயிற்றுநராகி, அக்காலத்து வேறெவரும் எண்ணாத புதுமுறைகளைப் புகுத்தியவர். அவரது வரலாறு தனியே ஒரு பேச்சுக்கு உரியது. அவர் முன்னே சாத்தப்பட்ட கதவு, எட்டு ஆண்டுகளின் பின் ஒரு பத்தொன்பது வயதினனுக்குத் திறந்தது.

முந்திய அணிகள் வாரக்கணக்காகக் கப்பலில் சென்றன. 1954ஆம் ஆண்டு அணிதான் முதன்முதல் விமானத்தில் சென்றது. அவுஸ்திரேலியாவிடம் டெஸ்ட் தொடரை இழந்து திரும்பிய அணி அது. ஆயினும் பொஸ்டன் ஆடிய 18 ஆட்டங்களில் 36 ட்ரைகள் வைத்தார். ஒக்லண்ட் நகரில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டமொன்றில் மட்டும் நான்கு. ஓராண்டுக்கு முன் இராணுவ முகாமில் இருந்த பையனின் பெயர் இரு கண்டங்களின் பத்திரிகைகளில் அச்சேறியது.

அவர் ஆடிய விதத்தைச் சிறிது சொல்லவேண்டும். மைதானத்தின் வலது ஓரத்தில் ஓடுபவர் அவர். ஓரத்தில் ஓடுவோர் பொதுவாக மெலிந்த உடலினர். காற்றைப்போல ஓடி எதிரியின் கைக்கு எட்டாமல் தப்புவதே அவர் வித்தை. பொஸ்டனும் விரைந்தோடினார், விலகி ஏய்க்கவும் வல்லவர். ஆனால் விலகத் தேவையில்லை என்று கண்டால் நேரே மோதிச் செல்வார். காலப்போக்கில் அவர் எடை 200 இறாத்தலைக் கடந்தது. அத்தனை பாரம் அத்தனை விரைவில் வருவதைக் கோட்டருகே நின்று எதிர்கொண்டவர்களின் நிலை இரங்கத்தக்கது. மூன்று பேர் ஒருங்கே பற்றியும் அவர் கோட்டைத் தாண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. எதிராளி தப்பி ஓடுவதைக் கண்டால், தம் இடத்தைவிட்டுக் குறுக்கே பாய்ந்து வந்து அவனை வீழ்த்துவார். அவ்வாறு இடம்விட்டு வருவது ஆட்ட சாத்திரப்படி பிழை. ஆனால் சாத்திரம் படித்தோர் பார்த்துக்கொண்டிருக்க, பந்து தரையில் கிடக்கும்.

அந்நாளைய விதிகள் இன்றுள்ளவை அல்ல. இன்று ஓர் அணி ஆறுமுறை தடுத்து வீழ்த்தப்பட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுக்கவேண்டும். 1966 வரை அத்தகைய எல்லை எதுவும் இல்லை. பந்தைப் பெற்ற அணி தவறிழைக்கும் வரை அதைத் தன்னிடமே வைத்திருக்கலாம். ஓரத்தில் நிற்பவர் பந்தைக் காணாமலே நெடுநேரம் குளிரில் நிற்கவும் நேரும். காயமுற்றவருக்குப் பதிலாக மற்றொருவரை இறக்கும் வழக்கமும் 1964 வரை இல்லை. நொண்டியபடியே நிற்பார், அல்லது அணி 12 பேராகக் குறையும். ஒரு ட்ரைக்கு மூன்றே புள்ளிகள். இந்நிலையில் பொஸ்டன் சேர்த்த எண்ணிக்கையை நோக்கவேண்டும். ஒரே ஆட்டத்தில் 7 ட்ரைகள் வைத்தது ஒருமுறையல்ல, இருமுறை: 1955இல் டியூஸ்பரிக்கு எதிராகவும் 1962இல் சல்ஃபோர்டுக்கு எதிராகவும்.

பந்து அவரிடம் வந்து சேர்ந்ததற்கு எரிக் அஷ்டன் என்னும் உயர்ந்த, நிதானமான மைய ஆட்டக்காரரும் ஒரு காரணர். விகன் அணியின் தலைவராக நெடுங்காலம் விளங்கியவர் அவர். எப்போது பந்தைத் தாமே வைத்திருப்பது, எப்போது வெளியே விடுவது என்பதை அஷ்டன் அறிவார்; அவர் எப்போது விடுவார் என்பதைப் பொஸ்டன் அறிவார். இவ்விருவரும் சேர்ந்திருந்த வலதுபுறத்தை அக்கால ரசிகர் நெடுநாள் மறக்கவில்லை. 1958இலும் 1959இலும் விகன் அணி வெம்பிளி மைதானத்தில் சலஞ்ச் கிண்ணத்தைத் தொடர்ந்து வென்றது. 1959 மார்ச் மாதத்தில், அயலூர்ப் பகையாளியாகிய சென்ட் ஹெலன்ஸ் அணியோடு நடந்த ஆட்டத்துக்குச் சென்ட்ரல் பார்க்கில் கூடியவர்கள் 47,747 பேர். 1960இல் வேக்ஃபீல்ட் அணியை 27க்கு 3 என்று வென்று சம்பியன் பட்டத்தைப் பெற்றனர். 1965இல் மூன்றாம் முறையாகக் கிண்ணம் வந்தது. இடையே 1961இலும் 1963இலும், பின்னர் 1966இலும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. ஆக ஆறு முறை வெம்பிளிக்குச் சென்றவர். 1960இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரித்தானிய அணியிலும் இருந்தார்.

இவற்றையெல்லாம் செய்தவரை இன்றைய தொழில்முறை வீரரோடு ஒப்பிட்டு எண்ணுதல் ஆகாது. அக்காலத்து லீக் வீரர்களுட் பெரும்பாலோர் வாரநாட்களிற் சுரங்கத்திலோ தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ உழைத்தவர்கள். வேலை முடிந்த மாலையில் பயிற்சி. வென்றால் ஒரு தொகை, தோற்றால் அதனிற் குறைந்த தொகை. அந்த வித்தியாசம் வீட்டுச் செலவுக்குரியதாதலால், கடைசி நிமிடத்து ட்ரை ஒன்று பல அடுப்புகளில் உலையேற்றியது. கையொப்பமிட்ட நாளிற் கிடைத்த பெருந்தொகை ஒருமுறை மட்டும் வருவது; அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் உழைத்துப் பெறுவதே.

1957ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கூறாமல் விட்டால் இவ்வரலாறு குறைபட்டதாகும். அவ்வாண்டு அவுஸ்திரேலியாவில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. பிரித்தானிய அணியிலே பொஸ்டனும் இருந்தார். போட்டி முடிந்தபின் திரும்பும் வழியில் பிரித்தானிய, பிரெஞ்சு அணிகள் தென்னாபிரிக்காவில் தங்கி, லீக் ஆட்டத்தை அங்கே பரப்பும் பொருட்டுச் சில காட்சி ஆட்டங்களை ஆடுவதென ஏற்பாடாகியிருந்தது. தென்னாபிரிக்காவில் அப்போது நிறவெறிச் சட்டம் ஆட்சிசெய்தது. வெள்ளையரோடு சேர்ந்து ஒரு கருநிறத்தவர் ஆடவோ, ஒரே விடுதியில் தங்கவோ இடமில்லை. அணியினர் தென்னாபிரிக்காவுக்குப் போயினர். பொஸ்டன் தனியே வீடு திரும்பினார்.

இந்த ஒரு வாக்கியத்துள் எத்தனை அடங்கியிருக்கிறது! அவரோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள், அவர் கொடுத்த பந்தை வாங்கியவர்கள், அவரால் வென்றவர்கள் ஒரு விமானத்தில் ஏறினர். அவர் வேறொரு விமானத்தில் ஏறினார். அன்று ஆட்டத்தை நிருவகித்தவர்கள் அந்தப் பயணத்தை நிறுத்தவில்லை. பணம் வாங்குவதை இழிவென்று தள்ளியவர்களிடமிருந்து, உழைப்பாளியின் உரிமைக்காகப் பிரிந்த விளையாட்டு இது. அதன் பெருமையுள் ஒன்று, யூனியன் அடைத்த வாயிலைத் தான் திறந்தது என்பது. அந்தப் பெருமை பொய்யன்று. ஆயினும் 1957இல் அவ்விளையாட்டின் பெரியோர், தம் அணியின் மிகச் சிறந்த வீரர்களுள் ஒருவரைத் தனியே அனுப்பிவிட்டுத் தம் வழியே போயினர் என்பதும் பொய்யன்று. பொஸ்டன் அதைப்பற்றி அப்போது பெரிதும் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்பார் யார்? 1962இல் அவர் மீண்டும் பிரித்தானிய அணியோடு அவுஸ்திரேலியா சென்று ஆடினார்.

விகன் நகரத்திலே அவர் நிலை வேறாக இருந்தது. அவ்வூர்ப் பெண்ணாகிய ஜோன் என்பவரை மணந்து, அங்கேயே குடியமர்ந்தார். வேல்ஸுக்குத் திரும்பி வாழ எண்ணவில்லை. 1968 ஏப்ரலில் அவர் விகன் அணிக்காகக் கடைசி ஆட்டத்தை ஆடியபோது, அக்கழகத்துக்காக 488 ஆட்டங்களில் 478 ட்ரைகள் சேர்த்திருந்தார். அக்கழகத்தில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஓய்வு பெற்றவர், பிளாக்பூல் கழகத்துக்காக 1969இல் மீண்டும் சில ஆட்டங்கள் ஆடினார். ஆடிய கால் சும்மா இருப்பதில்லை. எல்லாம் சேர்த்து 564 ஆட்டங்கள், 571 ட்ரைகள். பிரித்தானிய லீக் வரலாற்றில் அவருக்கு முன்னே நிற்பவர் ஒருவரே: வாரிங்டன் கழகத்து பிரையன் பெவன், 796. பெவன் அவுஸ்திரேலியர், வழுக்கைத் தலையும் ஒடிந்துவிடுமோ என்னும் உடலும் உடையவர். உடலமைப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு கொண்ட இருவர் ஒரே காலத்தில் ஒரே தொழிலில் முதலிரு இடங்களைப் பெற்றது ஓர் அதிசயமே.

ஆட்டத்தை விட்டபின் பொஸ்டன், சென்ட்ரல் பார்க் மைதானத்துக்கு அண்மையில் கிரிஃபின் என்னும் மதுச்சாலையை நடத்தினார். ஓய்வுபெற்ற வீரர்கள் இங்கிலாந்தில் வழக்கமாக மேற்கொள்ளும் தொழில் அது. ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு அவரே நின்று பானம் வார்த்துக் கொடுத்தார். அவர் ஓடிய மைதானமோ 1999இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடி எழுந்தது.

புகழ் அவருக்குக் காலந் தாழ்த்தியே வந்தது. 1988இல் பிரித்தானிய லீக் ஆட்டத்தின் மேன்மக்கள் வரிசையில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டோருள் அவரும் ஒருவர். 1996இல் எம்.பி.ஈ. விருது. 2015இல் வெம்பிளி மைதானத்தின் வாயிலில் லீக் வீரர் ஐவரைக் குறிக்கும் சிலை எழுந்தது. அவருள் பொஸ்டனும் றிஸ்மனும் அடங்குவர். ஒரே துறைமுகத் தெருக்களில் வளர்ந்த இருவர்! 2016இல் விகன் நகரின் நடுவே அவருக்குத் தனிச்சிலை. அவ்வாண்டிலேயே அவரை மறதிநோய் பற்றியிருப்பதைக் குடும்பத்தார் வெளியிட்டனர். 2025 ஜூன் மாதத்தில், பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் சார்ள்ஸ் அவருக்கு 'சேர்' பட்டம் அளித்தார். பொஸ்டனுக்கு வயது 90. ஹடர்ஸ்ஃபீல்ட் ஹொட்டேலில் அக்கழகங்கள் பிரிந்து 130 ஆண்டு ஆகியும், லீக் வீரர் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. யூனியன் வீரருக்கு அது முன்னரே கிடைத்திருக்கிறது. சுரங்கத்தொழிலாளியின் விளையாட்டை நோக்கி அரண்மனையின் கண் திரும்ப அவ்வளவு காலம் எடுத்தது போலும்.

அந்த இரு விளையாட்டுக்குமிடையே இருந்த சுவர் இடையில் இடிந்துவிட்டது. 1995 ஆகஸ்டில் யூனியன் பெரியோர் பாரிஸ் நகரில் கூடி, வீரர் பணம் பெறலாம் என்று தீர்மானித்தனர். நூறு ஆண்டுகளுக்கு முன் வடபகுதித் தொழிலாளி கேட்டதிலும் பன்மடங்கு பணம் இன்று யூனியன் வீரருக்குக் கிடைக்கிறது. ஆயுள்காலத் தடை என்பது இக்கால இளைஞருக்குப் பழங்கதை. ஆனால் 1995இல் பொஸ்டனுக்கு வயது 61.

கார்டிஃப் நகரம் தன் மகனை நினைத்தது அதற்கும் பின்னரே. வடக்கே சென்று லீக் ஆட்டத்தில் புகழ்பெற்ற துறைமுகப் பகுதி வீரர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டுமென்று அப்பகுதி மக்கள் கோரினர். யாருக்குச் சிலை வைப்பது என்பதைப் பொதுமக்களின் வாக்கெடுப்பே தீர்மானித்தது. கஸ் றிஸ்மன், பில்லி பொஸ்டன், கிளைவ் சலிவன் ஆகிய மூவர் தெரிவாயினர். சலிவனும் கார்டிஃபின் கருநிற மகனே. 1972இல் பிரித்தானிய அணிக்குத் தலைமைதாங்கி உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கார்டிஃப் குடாக்கரையிலே மூவரின் வெண்கலச் சிலைகளும் திறந்துவைக்கப்பட்டன. றிஸ்மனும் சலிவனும் காலமாகிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. மூவருள் எஞ்சியிருந்தவர் பொஸ்டன் ஒருவரே. அந்தச் சிலை நிற்குமிடத்திலிருந்து அவர் பிறந்த பகுதிக்கு நடந்து போய்விடலாம். அவரை ஒருநாளும் அழைக்காத கழகத்தின் மைதானத்துக்கும் அங்கிருந்து நெடுந்தூரமில்லை.